தினசரி காலண்டரா, சாட்ஜிபிடியா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், ஏடிஎச்டி உண்டு, அதாவது கவனத்தை நிலைநிறுத்துவதும் வேலையைத் தொடங்குவதும் கடினமாகும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. தினசரி காலண்டரும், சாட்ஜிபிடி என்ற ஏஐ உரையாடல் கருவியும் இல்லாமல் எனக்கு நாள் ஓடாது.

ஏடிஎச்டி உள்ள எங்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்பதில்தான் மூளை முட்டி நின்றுவிடும். அந்த இடத்தில், 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி எனக்குப் பெரிய துணை. "சமையல்கட்டு போட்டது போட்டபடி கிடக்கு, சின்னச் சின்ன வேலையா பிரிச்சுக் கொடு" என்று தமிழிலேயே கேட்டேன். முதல் வரி: 'டம்ளர்களை மட்டும் கழுவுங்கள்.' ஆறு டம்ளர்தானே! எழுந்துவிட்டேன். காலண்டரால் இது ஆகாது.

ஆனால் போனைக் கையில் எடுப்பதே எங்களுக்கு ஆபத்து. ஒரு நோட்டிபிகேஷன் வந்தால் போதும், எதற்கு எடுத்தோம் என்பதே மறந்து அரை மணி நேரம் போய்விடும். காலண்டர் எங்கும் இழுக்காது. கண்ணில் படாத விஷயம் எங்களுக்கு இல்லாத மாதிரிதான் என்பதால், வாசற்கதவை ஒட்டி மாட்டியிருக்கிறேன். கரண்ட் பில்லின் கடைசி நாள், அதற்கு மூன்று நாள் முந்தைய தாள், இரண்டிலும் சிவப்புப் பேனாவில் எழுதிவிடுவேன்.

தேதி என்றால் எனக்குக் காலண்டர்தான். மலைத்து உட்கார வைக்கும் வேலைக்கு ஏஐ. மாத்திரை அளவை மட்டும் ஏஐயிடம் கேட்காதீர்கள். அது உங்கள் மனநல மருத்துவர் சொல்ல வேண்டியது.