தறி ஓடும் வீட்டில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.: எட்டு ஆண்டு அனுபவம்

2017 ஆகஸ்டில் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் ஒரே மாதிரி இரண்டு எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வாங்கினோம். 450 வாட், 120 மி.மீ. மின்விசிறி, மூன்று ஆண்டு வாரன்டி. ஒன்று அம்மாப்பேட்டையில் என் கணினிக்கு. இன்னொன்று ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு எழுதும் தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கு. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. ஆனால் என்னுடையது என்னைப் படுத்திய பாட்டில் கால்வாசிகூட அவரைப் படுத்தவில்லை. பெட்டி ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலை பார்டர்களுக்கு ஜக்கார்டு டிசைன், அதாவது தறியில் நெய்யும் பூவேலைப் படம், கணினியில் போடுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கணினி ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறிகள். நூல் ஓடும் இடத்தில் பஞ்சு பறக்காமல் இருக்காது. வீட்டில் எதைத் தொட்டாலும் விரலில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டும்.

வாரன்டி முடிந்து நான்கு மாதம் கழித்து, 2020 டிசம்பரில் சத்தம் ஆரம்பித்தது. காலையில் போட்டவுடன் 'கர்ர்' என்று ஐந்து நிமிடம் அரைக்கும், பிறகு அடங்கிவிடும். பொங்கலுக்குப் பிறகு அரை மணி நேரம் ஆனது. மார்ச்சில் வெயில் ஏற ஏற நாள் முழுக்க நிற்கவே இல்லை. பக்கத்து அறைத் தறிச் சத்தம் எனக்கு உறைப்பதில்லை, பிறந்ததிலிருந்து கேட்டது. இந்தச் சத்தம் மட்டும் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கிளம்பியவனை அப்பாதான் நிறுத்தினார். தறியில் நாடா அடிக்கும் சத்தம் லேசாக மாறினாலே எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். "சத்தம் எழும்புகிற இடத்தை முதலில் கண்டுபிடி கண்ணு, பிறகு கை வை" என்றார்.

செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கணினிக் கேபினெட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்துக் கேட்டேன். பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினேன், சத்தம் மாறவில்லை. தகடு அதிர்வதாக இருந்தால் அழுத்தியவுடன் அடங்கியிருக்கும். கேபினெட் மின்விசிறியின் இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் மாற்றமில்லை. பிராசஸர் மின்விசிறிப் பக்கம் குழலை வைத்தால் காற்றுச் சத்தம் மட்டுமே கேட்டது. பின்புறம் எஸ்.எம்.பி.எஸ். அருகே கொண்டுபோனதும் காதுக்குள்ளேயே அரைப்பது போல இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். மின்விசிறியை நிறுத்திப் பார்க்கக் குச்சியோ ஸ்க்ரூடிரைவரோ உள்ளே விடாதீர்கள். அது உயிர் விஷயம்.

சத்தத்தின் ரகத்தையும் கவனிக்க வேண்டும். 'கீ' என்று கொசு போல மெல்லிசாகக் கேட்டு, திரையில் பக்கத்தை நகர்த்தும்போது ஏறி இறங்கினால் அது உள்ளேயிருக்கும் காயிலின் (கம்பிச்சுருளின்) சத்தம். மின்விசிறிக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் போகாது. 'டக் டக்' என்று சீராகத் தட்டினால் இறக்கையில் ஏதோ ஒயர் உரசுகிறது. என்னுடையதைப் போல 'கரகர' என்றால் பேரிங், அதாவது தண்டைத் தாங்கும் உறுப்பு.

விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங் மின்விசிறிதான் இருக்கும். எண்ணெய் ஊறிய சிறு உலோகக் குழலுக்குள் தண்டு சுழலும். சூட்டில் எண்ணெய் காய்ந்ததும் தண்டு ஆடத் தொடங்கும். இப்போதைய கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். அடியில், தரையைப் பார்த்தபடி இருக்கிறது. மின்விசிறி படுத்தவாக்கில் சுழல்வது ஸ்லீவ் பேரிங்குக்கு ஆகாது. போதாக்குறைக்குத் தரையிலுள்ள பஞ்சை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது.

எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாக டி.வி. பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கொண்டுதான் திறந்தேன். வாரன்டி இருக்கும்வரை திறக்கவே கூடாது. அது முடிந்த பிறகும், மின்வேலை தெரியாதவர்கள் தனியாகத் திறக்கக் கூடாது. 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றும்போது உள்ளேயிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) ஏறக்குறைய 325 வோல்ட் தேங்கும். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பெரியவர் மீட்டரை வைத்தார். 60 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. என் கை தானாகப் பின்னால் போனது. அவர் ஒரு குண்டு பல்பை இணைத்து அதை முழுவதும் இறக்கிவிட்டு, மறுபடி அளந்து பார்த்த பிறகே கையை வைத்தார்.

மின்விசிறியைத் தூக்கியதும் அடியில் வெப்பத்தகடுகளே தெரியவில்லை. கம்பளித் துண்டை மடித்து வைத்தது போலப் பஞ்சு அப்பிக் கிடந்தது. எங்கள் தறியில் ஓடிய நூல்களின் நிறமெல்லாம் அதில் இருந்தது, அரக்கும் மஞ்சளும்கூட. இறக்கை விளிம்புகளிலும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்ததால் எடை ஒரு பக்கம் சாய்ந்து தண்டு இன்னும் வேகமாகத் தேய்ந்திருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். பிறகு நடுவிலிருந்த ஸ்டிக்கரைப் பாதி உரித்து, ரப்பர் மூடியை எடுத்து, ஊசி முனையால் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. இறக்கையைச் சுண்டிவிட்டதும் அரைச் சுற்றில் நின்றுகொண்டிருந்தது ஏழெட்டுச் சுற்று போனது.

அன்று இரவு அறை அமைதியாக இருந்தது. ஆனால் ஏழு மாதம்தான் தாங்கியது. தேய்ந்த பேரிங்கை எண்ணெய் சரிசெய்யாது, தவணைதான் வாங்கித் தரும்.

2021 நவம்பரில் மின்விசிறியையே மாற்றினேன். இதில் நான் செய்த தவறு பலரும் செய்யக்கூடியது. 120 மி.மீ., 12 வோல்ட் என்ற இரண்டை மட்டும் பார்த்து, சத்தமே வராது என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். மாட்டினால் சுற்றவில்லை. எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் முழு 12 வோல்ட் கொடுப்பதில்லை. சூடு குறைவாக இருக்கும்போது என்னுடையது 5 வோல்ட் அளவுக்கே கொடுக்கிறது. நான் வாங்கிய மின்விசிறி கிளம்பவே 7 வோல்ட் வேண்டும். பழைய மின்விசிறியின் ஆம்பியர் அளவையும் காற்றின் அளவையும் பார்த்து, அதற்கு ஈடான பால் பேரிங் (சிறு உருண்டைகள் மேல் தண்டு சுழலும் ரகம்) மின்விசிறி ஒன்றைப் பெரியவர் தேடிக் கொடுத்தார். பழைய ஒயர் முனையை வெட்டிப் புதியதில் சால்டர் செய்தார். காற்று எந்தத் திசையில் போக வேண்டும் என்று பழையதைக் கழற்றும் முன்பே குறித்து வைத்திருந்தோம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பால் பேரிங்கில் முதல் நாளிலிருந்தே லேசான ஓசை உண்டு, அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏப்ரல் மதியத்தில்கூடப் பின்பக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று தடையில்லாமல் வருகிறது.

ஏற்காட்டுப் பெட்டிக்கு வந்த ஒரே கேடு மனிதர் கையால் வந்தது. அங்கே பஞ்சும் இல்லை, சூடும் இல்லை. குளிர்கால விடியலில் எண்ணெய் இறுகிக் கொஞ்ச நேரம் உறுமும், அவ்வளவுதான். 2023 ஜனவரியில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஆளை வைத்துத் திறந்து மாப்பிள்ளை தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டார். மறுநாள் காலை, "மச்சான், விசிறி சுற்றவே இல்லை" என்று போன் வந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏற்காட்டு ஜனவரிக் காலையில் சமையலறைப் பாட்டிலில் அது கல்லாக நிற்பதைத் தினமும் பார்ப்பவர்தான் அவர். பேருந்தில் பெட்டியைக் கீழே கொண்டுவந்தார். பெரியவர் துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டுக் கொடுத்தார். தேய்மானம் இல்லாததால் அந்தப் பழைய மின்விசிறியே இன்றும் ஓடுகிறது.

எனக்கு உண்மையில் பலன் தந்தது கேபினெட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மரப்பலகை மேல் ஏற்றியதும், அடியில் வலை வடிகட்டி போட்டதும்தான். வடிகட்டியை வாரம் ஒரு முறை உருவிக் கழுவுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி பஞ்சு வருகிறது.

எட்டு ஆண்டு உழைத்த கெப்பாசிட்டர்களை இனி நம்ப எனக்கு மனமில்லை. இந்தத் தீபாவளிக்கு வேறு வாங்கப் போகிறேன். முதலில் கேட்கப் போவது எத்தனை வாட் என்றல்ல. மின்விசிறியில் என்ன பேரிங், வாரன்டி எத்தனை ஆண்டு என்றுதான். பழையதிலிருந்து மின்விசிறியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பெரியவர். அதற்கு இன்னும் நிறைய ஓட்டம் இருக்கிறதாம்.