கோன்ஃபிளவருக்கு எப்படித் தண்ணீர் ஊற்றலாம்: பூவாளியா, ஸ்பிரிங்க்ளரா, கசிவுக் குழாயா?

அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் யாரும் ஊற்றாமலே முளைத்துப் பூத்து விதை கொட்டும் செடி கோன்ஃபிளவர். இல்லினாய்ஸ், ஒஹையோ பக்கம் வீட்டுத் தோட்டத்தில் அது துவண்டு அடித்தண்டு கருத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர் மிகுதியைத்தான். அங்கே பல ஊர்களில் களிமண் வேறு. துளசிக்கும் மல்லிகைக்கும் தினமும் ஊற்றிப் பழகிய நம் கைக்கு இந்தச் செடியிடம் கொஞ்சம் அடக்கம் வேண்டும்.

எதால் ஊற்றுவது என்பதைவிட, தினமும் கொஞ்சமா, வாரம் ஒரு முறை நிறையவா என்பதுதான் பெரிய கேள்வி. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஜூலை வெயிலில் முதலில் காய்வது அந்த மேல்மண்தான். வாரம் ஒரு முறை ஆழமாக ஊற்றி, நடுவில் காயவிட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் இதற்கும். முதல் வருடச் செடிக்கு வாரம் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், மழையையும் சேர்த்து. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் செடிக்குச் சுமார் 5 லிட்டர். மணற்பாங்கான மண்ணில் அதையே இரண்டாகப் பிரித்து ஊற்றலாம். புதிதாக நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் விதிவிலக்கு. வேர் இன்னும் நாற்றுத் தொட்டியின் அளவைத் தாண்டியிருக்காது, அந்தக் கட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். அப்போது இரண்டு நாளுக்கு ஒரு முறை விரல் விட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும்.

சரி, இனி கருவிகள்.

ஸ்பிரிங்க்ளரை இந்தச் செடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோன்ஃபிளவர் இலை சொரசொரப்பானது, செடியும் அடர்ந்து புதராக நிற்கும். மேலிருந்து நனைத்தால் உள்ளே ஈரம் நெடுநேரம் தங்கும், இலைப்புள்ளி நோய் தண்ணீர்த் துளியோடு தெறித்துப் பக்கத்து இலைக்குப் போகும். இன்னொரு தொல்லை, பல வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் புல்தரைக்காக வைத்தது. வாரத்தில் பல முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் என்று ஓடும். இந்தச் செடிக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அந்தப் பக்கம் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலையை அடைக்கவோ திருப்பவோ முடியாவிட்டால், நேரத்தையாவது விடியற்காலைக்கு மாற்றுங்கள். இலை காயப் பகல் முழுவதும் இருக்கும். பாத்தியில் ஒரு காலி மீன் டின்னை வைத்து எத்தனை அங்குலம் நிரம்புகிறது என்றும் பாருங்கள்.

உடம்பெல்லாம் நுண்துளையுள்ள கசிவுக் குழாய், சோக்கர் ஹோஸ், நீளமான பாத்திக்கு நல்ல தேர்வு. இலை நனையாது, தண்ணீர் மெல்லக் கசிவதால் களிமண்ணுக்கும் உறிஞ்ச நேரம் கிடைக்கும். தூரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி, மூடாக்குக்கு (மண்மேல் பரப்பும் இலைதழை, மரச்சீவல்) அடியில் போடுங்கள். தண்ணீர்த் திருகை முழுதாகத் திறக்கக் கூடாது, கொஞ்சமாகத் திறந்தாலே போதும். அரை மணி கழித்துக் கரண்டியால் தோண்டிப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆழம் நனைந்திருந்தால் நிறுத்திவிடலாம். சரிவான இடத்தில் மட்டும் இது சரிப்படாது, பள்ளத்துச் செடி குளிக்கும், மேட்டுச் செடி காயும். மூடாக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் இருக்கட்டும், ஆனால் தூரை மூட விடாதீர்கள். அங்கேதான் அழுகல் தொடங்கும்.

சொட்டுநீர்க் கருவி துல்லியமானது. மணிக்கு 4 லிட்டர் சொட்டி என்றால் ஒன்றேகால் மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. ஆனால் வடிகட்டி, அழுத்தச் சீராக்கி, குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிப்பது என்று வேலை நிறைய. வேர் நன்றாக இறங்கியதும் இரண்டு வருடத்தில் நிறுத்தப் போகும் பாசனத்துக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு? தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் இது கைகொடுக்கும், தொட்டி மண் கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

நாலைந்து செடிதான் இருக்கிறதென்றால் என் ஓட்டு பூவாளிக்கு. அடியில் மெதுவாக ஊற்றி, உறிஞ்சியதும் மறுபடி ஊற்றி, இப்படி மூன்று சுற்று. கையால் ஊற்றும்போது செடியைப் பார்க்கிறோம், அதுதான் பெரிய லாபம். மதியம் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை, ஊற்ற வேண்டாம். காலையிலேயே தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம், சேறாக இருந்தால் வேரழுகல். பூ பச்சையாகத் திருகிக் கோணலாக வந்தால் அது தண்ணீர்க் கோளாறே இல்லை. இலைத்தத்துப் பூச்சி பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான்.

எந்த இனம் என்பதும் கணக்கில் வரும். கடையில் அதிகம் கிடைக்கும் ஊதா இனமான பர்ப்யூரியாவுக்குச் சல்லிவேர். வெளிர் நிறப் பாலிடா, மஞ்சள் பாரடாக்ஸா இரண்டுக்கும் ஆணிவேர், வறட்சியை இன்னும் நன்றாகத் தாங்கும். நாஷ்வில் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண்ணில் வளரும் டென்னசி கோன்ஃபிளவர் 1979இல் அழியும் இனங்களின் பட்டியலில் ஏறி, 2011இல் மீண்டு வெளியே வந்தது. அந்த மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்கவே இடமில்லை, அதை வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பர்ப்யூரியாவிலேயே 1998இன் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வான மேக்னஸ் போன்ற பழைய ரகங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆரஞ்சு, அடுக்குப் பூ என்று வரும் புதிய கலப்பினங்களில் பல, குளிர்கால ஈரத்தில் போய்விடும்.

மூன்றாம் வருடம் முதல் பாத்திச் செடிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று நான்கு வாரம் சேர்ந்தாற்போல் மழையில்லை என்றால் மட்டும் ஒரு முறை ஆழமாக ஊற்றுங்கள். இலையுதிர் காலத்தில் புதிதாக நட்டவர்கள் மட்டும் மண் உறையும் வரை வாரம் ஒரு முறை ஈரம் பார்த்து ஊற்றுங்கள்.