கேபிபியோடு ஐந்து ஆண்டுகள்: நெல்லைக் காற்றை மாதிரிக்குள் கொண்டுவந்த அனுபவம்

தூத்துக்குடிக் கடற்கரை, பாளையங்கோட்டை, மாஞ்சோலை. இந்த மூன்று இடத்துக் காற்றையும் மூன்று பெட்டிகளாக வைத்து, ஒரு நாளில் ஓசோன் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்கிடும் சிறிய மாதிரி ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் எழுதி வருகிறோம். காற்றோட்டமும் உமிழ்வும் நாங்களே எழுதியவை. வேதிவினைகளுக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளாகக் கேபிபி, அதாவது கைனெடிக் பிரீபிராசசர்.

பேச்சில் லைப்ரரி என்று சொன்னாலும் இது அழைத்துப் பயன்படுத்தும் லைப்ரரி இல்லை. வினைகளை நோட்டில் எழுதுவது போலவே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அவற்றைத் தீர்க்கும் ஃபோர்ட்ரான் நிரலை அதுவே எழுதித் தந்துவிடும். அதை நம் மாதிரியோடு சேர்த்துக் கம்பைல் செய்துகொள்ள வேண்டும். இலவசம், மூல நிரலும் திறந்தது. நிறுவ ஃபிளெக்ஸ், பைசன் என்ற இரண்டு நிரல் கருவிகளும் வேண்டும். எங்களுக்கு அரை நாள் ஆனது.

முதலில் வேதியியலையும் நாங்களே எழுதிப் பார்த்தோம். எதோடும் சட்டென்று வினைபுரியும் ஹைட்ராக்சில் (OH) ஒரு நொடி அளவில் தீர்ந்துபோகும். 40 பிபிபி (நூறு கோடியில் 40 பங்கு) ஓசோன் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு ஒரு நிமிடம் தாங்கும். மீத்தேனோ பத்து ஆண்டு அளவுக்குக் காற்றில் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே பத்து நொடிப் படியில் நகர்த்தினால் சில செறிவுகள் சுழியத்துக்குக் கீழே போய்விடும். அதைச் சுழியமாக்கி ஒட்டுப்போட்டோம். அப்புறம் நைட்ரஜன் கணக்கு உதைத்தது. கேபிபி தரும் ரோசன்பிராக் தீர்வியை, அதாவது காலப்படியைத் தானே கூட்டிக் குறைத்துச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலைச் சேர்த்த அன்றே இந்தத் தொல்லை ஒழிந்தது. இந்த ஐந்து ஆண்டில் தீர்வி ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. வினைகள் பத்துப் பதினைந்துதான் என்றாலும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சிக்கல் எல்லாம் கேபிபியும் நம் மாதிரியும் சந்திக்கும் இடத்தில்தான் வந்தது.

முதல் வெள்ளோட்டத்தின் வரைபடத்தை, எனக்கு ஃபோர்ட்ரான் சொல்லித்தந்த அண்ணாச்சியிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். “தம்பி, அஞ்சு மணிக்கு நம்ம ஊர்ல இருட்டால்லா கிடக்கும்? இதுல ஓசோன் ஏற ஆரம்பிச்சிருக்கு!” என்றார். நிரலைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. கேபிபி இயல்பாக எழுதித் தரும் சூரியத் துணைநிரலில் உதயம் 4.5, மறைவு 19.5 என்று இருக்கும். பதினைந்து மணி நேரப் பகல்! எடுத்துக்காட்டுக் கணக்குகளுக்காக வைத்த எண்கள் அவை, நாம்தான் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 8.7 பாகை வடக்கில் இருக்கும் நெல்லையில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, பன்னிரண்டே முக்காலைத் தாண்டாது. அந்தச் சூத்திரமோ காலை 6 மணிக்கே உச்சிவெயிலில் கால் பங்குக்கு மேல் காட்டும். ஒளிச்சிதைவு, அதாவது வெயில் மூலக்கூறுகளை உடைக்கும் வினை, முழுக்க அதை நம்பி ஓடினால் ஹைட்ராக்சில் பொழுது விடியும் முன்பே பெருகிவிடுகிறது.

அதை நீக்கிவிட்டு அட்சரேகை, நாள், நேரம் மூன்றிலிருந்தும் சூரியன் நிற்கும் கோணத்தைக் கணக்கிடும் நிரலை வைத்தோம். அப்போது இன்னொன்றும் பிடிபட்டது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கானது, நாம் இருப்பது 77.7-இல். பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பத்தொன்பது நிமிடம் பிந்தி வருகிறது. இதைத் திருத்தியதும் காலை ஏற்றம் அளவீட்டோடு நன்றாக ஒட்டியது. அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அடுத்தது என் தவறு. களக்காடு முண்டந்துறைக் காட்டின் மரங்கள் விடும் ஐசோப்ரீன் என்ற வாயு இல்லாமல் மாஞ்சோலைப் பெட்டிக்குப் பொருளில்லை என்று அந்த வினைகளைச் சேர்த்தேன். சேர்த்த நாளிலிருந்து தூத்துக்குடியில் நைட்ரிக் ஆக்சைடே காணவில்லை. மூன்று வாரம் தேடினேன். அணிக் கணக்கு (மேட்ரிக்ஸ்) வேகமாக நடக்கக் கேபிபி சேர்மங்களின் வரிசையைத் தானே மாற்றி அடுக்கும். நான் உமிழ்வைச் சேர்க்கும் இடத்தில் பெயரை எழுதாமல் வரிசை எண்ணை எழுதியிருந்தேன். வரிசை மாறியதும் அனல்மின் நிலையப் புகை வேறொரு சேர்மத்தின் கணக்கில் ஏறிவிட்டது. கம்பைலர் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு சேர்மத்துக்கும் கேபிபி ஒரு சுட்டிப் பெயர் உண்டாக்கித் தருகிறது. தயவுசெய்து அதையே பயன்படுத்துங்கள்.

அலகும் ஏமாற்றும். எங்கள் மாதிரி பிபிபியில் பேசும், வினைவேகங்கள் கன சென்டிமீட்டருக்கு எத்தனை மூலக்கூறு என்று கேட்கும். கடல் மட்டத்தில் 25 டிகிரியில் காற்று சுமார் 2.46 × 10¹⁹. ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் மாஞ்சோலைக்கும் அதையே போட்டிருந்தோம், அங்கே பத்தில் ஒரு பங்கு குறையும். இப்போது அழுத்தமும் வெப்பநிலையும் கொடுத்து ஒவ்வொரு படியிலும் கணக்கிடுகிறோம்.

வேகத்துக்கு ஒரு யோசனை. தீர்வி முடிக்கும்போது, அடுத்து எடுக்கலாம் என்று கருதும் காலப்படியைச் சொல்லிவிட்டுப் போகும். அதை ஒவ்வொரு பெட்டிக்கும் தனியே சேமித்து, அடுத்த அழைப்பில் தொடக்கப்படியாகக் கொடுத்தால் நேரம் மிச்சமாகும். பெட்டிகளை இணையாக ஓட்டுவதென்றால் புதிய பதிப்பையே எடுங்கள். பழைய பதிப்பில் பொது மாறிகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதி, ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறியது.

பதிப்பு மாற்றும்போதெல்லாம் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் மட்டும் வைத்து உச்சிவெயிலில் ஓடவிட்டு, மூன்றும் சமநிலைக்கு வருகிறதா என்று பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை. வரிசைச் சிக்கலும் அலகுச் சிக்கலும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது மேகத்தில் நிற்கிறோம். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் தூறிக்கொண்டிருக்கும், அதே நேரம் பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்தும். எங்கள் மாதிரிக்கு மூன்று பெட்டியிலும் வானம் தெளிவு. மாஞ்சோலைப் பெட்டிக்கு மட்டும் ஒளியைக் குறைக்கும் ஒரு காரணியைச் சேர்த்து, இந்த ஆடியில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.