ஈய வார்ப்பு அச்சைச் சூடேற்ற ஹாட் பிளேட்: ஒரு மதிப்பீடு

தூண்டில் குண்டானாலும் துப்பாக்கிக் குண்டானாலும், குளிர்ந்த அச்சில் ஊற்றிய ஈயம் மூலைவரை ஓடுவதற்குள் உறைந்து, சுருக்கமும் குறையுமாகவே வெளிவரும். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில்; அச்சும் ஏறத்தாழ 200 டிகிரியை எட்டியிருந்தால் தொடக்க வார்ப்புகள் வீணாவது வெகுவாகக் குறையும். இதற்கென்றே ஒரு சமையல் சாதனத்தை ஒதுக்குவதானால், தட்டையான வார்ப்பிரும்புத் தலையுடைய 1,000 வாட் ஹாட் பிளேட் எனும் மின் அடுப்பையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இதன் வெப்பக் கட்டுப்பாடு துல்லியமானதன்று. மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வதால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயினும் தடித்த எஃகுத் தகடு ஒன்றைப் பரப்பி, அதன்மேல் அச்சை வைத்து, கைப்பிடிக்கு வழிவிட்டு வெட்டிய தகர டப்பாவைக் கவிழ்த்து மூடினால், அந்த ஏற்ற இறக்கத்தைத் தகடு உள்வாங்கிக்கொள்ள, அச்சின் இரு பாதிகளும் சீராகச் சூடேறுகின்றன. டப்பா இல்லாவிட்டால் அடிப்பக்கம் மட்டும் காய்ந்து, ஈயம் ஊற்றும் துளையுள்ள மேல்தகடான ஊற்றுவாய்த் தகடு ஆறியே கிடக்கும். ஈயம் முதலில் அடைத்துக்கொள்வதும் அங்கேதான். அலுமினிய அச்சு விரைவில் தயாராகும்; இரும்பு அச்சுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் ஏறிய சூட்டை அது எளிதில் விடாது. வார்ப்பின் மேற்பரப்பு பனி படர்ந்தாற்போல் மங்கி வந்தால் அச்சின் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பளபளப்பான அலுமினியத்தின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானி குறைத்தே காட்டும் என்பதால், தகட்டில் பொருத்திய தெர்மோகப்பிளை (தொட்டு வெப்பம் அளக்கும் கம்பி உணரியை) நம்புவதே நல்லது.

டோஸ்டர் ஓவன் எனும் சிறு மின் சூட்டடுப்பு இதைவிடச் சீராகச் சூடேற்றும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மரக் கைப்பிடியும் உள்ளே வெந்து கருகும். கழற்றி மாட்டுவதோ பெரும் தொல்லை. வழக்கமான இண்டக்‌ஷன் அடுப்பு அலுமினிய அச்சைச் சூடேற்றவே செய்யாது.

அச்சில் ஈரம் ஒளிந்திருந்தால், உருகிய ஈயம் பட்டதும் அது நீராவியாக வெடித்து ஈயத்தை முகத்தில் வீசக்கூடும். முன்சூடேற்றல் அந்த ஈரத்தையும் போக்குகிறது என்பதால் இதை வெறும் வசதியாகக் கருதக் கூடாது. அதேபோல், ஈய வேலைக்குப் போன சாதனம் எதுவும் எவ்வளவு கழுவினாலும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஈயத்தால் தீங்கு நேராத பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கடுமையாகப் பாதிக்கும். ஆகவே ‘ஈயத்துக்கு மட்டும்’ என்று அடுப்பின்மேல் அழியாத மையால் எழுதி, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் பயன்படுத்தி, குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் தனியே பூட்டி வையுங்கள்.