சிறுநீர்க் கசிவு ஆய்வுக்கு எந்த மார்க்கர்: எம்டிஏ, 8-ஓஎச்டிஜி, ஐசோபுரோஸ்டேன்

நீரிழிவோ உடல்பருமனோ உள்ளவர்களுக்குச் சிறுநீர்க் கசிவு அதிகம் வருவதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தமும் (ஃப்ரீ ராடிக்கல்கள் எனும் வீரியமிக்க மூலக்கூறுகள் உடலின் தடுப்புத் திறனை மீறிப் பெருகும் நிலை) ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சிறுநீர்ப்பைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால், அங்கே உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் அதன் தசையையும் நரம்பையும் கெடுப்பது விலங்குச் சோதனைகளில் தெரிகிறது. மனிதரிடம் அதை எந்த மார்க்கரை, அதாவது சேதத்தைக் காட்டும் எந்த அடையாளப் பொருளைக் கொண்டு அளப்பது என்பதில்தான் இழுபறி.

மலிவானது எம்டிஏ (மாலோன்டைஆல்டிஹைடு), கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் பொருள். மாதிரியோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, அமிலச் சூழலில் 95 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை 532 நானோமீட்டரில் படிக்க வேண்டும். நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும். ஆனால் பிலிருபினும், உடைந்த சிவப்பணுவும், சர்க்கரையும்கூட இந்த அளவைக் குழப்பும். டபாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்தைச் சாப்பிடுபவரின் சிறுநீரில் சர்க்கரை நிறைந்திருக்கும் என்பதால் அங்கே இந்த முறை வேண்டாம். ரத்தத்தில் செய்வதென்றால் சூடாக்கும் முன் பிஎச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்து, நிறப்பொருளை எச்பிஎல்சி (HPLC) என்ற பிரித்தறியும் கருவியில் பிரித்தால் ஓரளவு நம்பலாம். அதையெல்லாம் செய்தபின் மலிவு என்ற பெயர் நிற்காது.

டிஎன்ஏ சேதத்தைக் காட்டும் 8-ஓஎச்டிஜியைச் சிறுநீரிலேயே அளக்கலாம். ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் எலைசா கிட்டும் எளிதாகக் கிடைக்கிறது. இதில் இரண்டு இடத்தில் கோட்டைவிடுவார்கள். உறைந்த சிறுநீரை உருக்கும்போது வீழ்படிவு உண்டாகி, அளக்க வேண்டிய பொருளையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அப்படியே சென்ட்ரிஃபியூஜ் செய்தால் அளவு குறையும். 37 டிகிரியில் வைத்து, வீழ்படிவு கரைந்து நன்றாகக் கலந்த பிறகுதான் சுழற்ற வேண்டும். இன்னொன்று, எலைசாவின் ஆன்டிபாடி யூரியா போன்ற வேறு பொருள்களையும் பிடித்துக்கொள்வதால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியைவிட (மூலக்கூறை அதன் நிறையால் அடையாளம் காணும் முறை) எண் கூடுதலாக வரும். இரு முறைகளில் வந்த எண்களை ஒரே அட்டவணையில் சேர்க்கக் கூடாது.

1990-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாரோவும் ராபர்ட்ஸும் விவரித்த எஃப்2-ஐசோபுரோஸ்டேன்தான் மூன்றில் உறுதியானது. அராக்கிடோனிக் அமிலம் நொதியின் துணையின்றி ஆக்சிஜனேற்றம் அடைவதால் உருவாவது இது. பிளாஸ்மாவை மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் உள்ளே இருக்கும் கொழுப்பு தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து அளவு ஏறிக்கொண்டே போகும். மைனஸ் 80 கட்டாயம். சிறுநீரில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. செலவு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குத்தான்.

ஆனால் எந்த மார்க்கர் ஆனாலும் கசிவுள்ளவரின் சிறுநீர் என்பதே ஒரு பொறி. கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள், சிறுநீர் கெட்டியாகும். அதைச் சரிக்கட்ட, தசையிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினால் வகுக்கிறோம். வயதான, தசை மெலிந்த பெண்ணுக்குக் கிரியாட்டினின் வெளியேற்றமே குறைவு. ஆகவே மார்க்கர் கூடாமலேயே விகிதம் கூடும். கசிவு அதிகம் காணப்படுவதும் இவர்களிடம்தான். கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 30-க்குக் கீழோ 300 மில்லிகிராமுக்கு மேலோ இருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடலாம். வயதையும் தசை அளவையும் கணக்கில் தனியே சேர்க்க வேண்டும். தொற்று இருந்தால் வெள்ளணுக்களே ராடிக்கலை உமிழும். சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டையான டிப்ஸ்டிக்கில் நைட்ரைட்டோ வெள்ளணுவோ தெரிந்தால் அன்றைய மாதிரி வேண்டாம்.

ரத்தத்தின் மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் எஃப்ஆர்ஏபி (FRAP) முறையும் ஏமாற்றும். சிறுநீரகம் பழுதானவருக்கு யூரிக் அமிலம் ஏறும். அதுவே எஃப்ஆர்ஏபி எண்ணையும் ஏற்றி, நோயாளி நன்றாக இருப்பதுபோல் காட்டும்.

அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பான என்ஹேன்ஸ் (NHANES) தரவை வைத்து வரும் கட்டுரைகளில் ‘ஆக்சிஜனேற்றச் சமநிலை மதிப்பெண்’ என்று ஒன்று புழங்குகிறது: 16 உணவுச் சத்துகள், 4 வாழ்க்கைமுறைக் கூறுகள். இது மார்க்கரே அல்ல, பெயர்தான் அப்படி. அந்த நான்கில் உடல் எடைக் குறியீடும் ஒன்று. எடையே கசிவுக்குக் காரணம் என்பதற்குத் தனிச் சான்று உண்டு. 2009-இல் வெளியான பிரைட் ஆய்வில் 338 பருமனான பெண்கள். எடையில் சராசரி 8 சதவீதம் குறைத்த குழுவில் வாராந்திரக் கசிவு 47 சதவீதமும், மற்ற குழுவில் 28 சதவீதமும் குறைந்தன. அப்படியிருக்க, மதிப்பெண் குறைந்தவருக்குக் கசிவு அதிகம் என்றால் ராடிக்கல் காரணமா, தொப்பை காரணமா? எடையை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டுக் காட்டாத கட்டுரையை நம்ப வேண்டாம். கசிவு வந்ததால் நடைப்பயிற்சியை விட்டவருக்கும் மதிப்பெண் இறங்கும்.

கைக்காசு குறைவென்றால் எல்லோருக்கும் 8-ஓஎச்டிஜி எலைசா, அவர்களில் சிலருக்கு மட்டும் ஐசோபுரோஸ்டேன் என்று பிரிக்கலாம். இரண்டும் ஒரே திசையில் போகாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எலைசாவை. கசிவைக் கேள்வித்தாளோடு ஒரு மணி நேரப் பேடு எடைச் சோதனையாலும் (உள்ளாடையில் அணியும் பேடை முன்னும் பின்னும் எடைபோடுவது) உறுதிசெய்யுங்கள். ஒரு கிராமுக்கு மேல் கூடினால் கசிவு உண்டு.