வில் செய்கிறவர்களுக்கு: கறுப்புப் பெயின்ட் அடித்த ஃபைபர் பட்டையை நம்பி வாங்காதீர்கள்

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். ஆறு வருஷமாக வேலை நேரம் போக வில் செய்துகொண்டிருக்கிறேன். கல் மூங்கிலில் தொடங்கினேன். பிறகு மரத்தில் செய்து, வில்லின் முதுகில், அதாவது எய்யும்போது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், மூங்கில் பட்டை ஒட்டப் பழகினேன். நம் கடற்கரை ஈரத்தில் மர வில் பாடுபடும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து வில் தளர்ந்துவிடும். நாணைக் கழற்றினாலும் நேராகாமல் கூனியே நிற்கும். அதனால்தான் இந்த வருஷம் ஃபைபர் கிளாஸுக்கு, அதாவது கண்ணாடி நூலை ரெசின் என்கிற பிசினில் இறுகவைத்த பட்டைக்கு, மாறலாம் என்று முடிவு செய்தேன்.

பாண்டியில் ஃபைபர், ரெசின் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. "வில்லுக்கு வேணும்ணே. நூலெல்லாம் நீளவாக்குல ஒரே திசையில ஓடணும். அந்த மாதிரி பட்டை இருக்கா?" என்று தெளிவாகவே கேட்டேன். "இது வில்லுக்குன்னே வர்ற ஐட்டம் சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று கறுப்பாக, பளபளப்பாக நாலு பட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், 1 மில்லிமீட்டர் கனம். ஒன்று 1,600 ரூபாய் வீதம் 6,400 ரூபாய் ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று எஸ்டிமேட் சீட்டில் "ஃபைபர் பட்டை 4" என்று எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது என் தப்பு.

மர வில்லில் இருந்து வருகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மரத்தில் தப்பு நடந்தால் திருத்த வழி உண்டு. வில்லின் ஒரு கை, அதாவது பிடிக்கு மேலோ கீழோ வளைகிற பாதி, விறைப்பாக இருந்தால் வயிற்றுப் பக்கம் (நம்மைப் பார்க்கும் பக்கம்) சுரண்டிச் சுரண்டி இரண்டு கையையும் ஒரே மாதிரி வளைய வைக்கலாம். ஃபைபர் வில்லில் நடுவில் மரத் தகடு இருந்தாலும், முதுகிலும் வயிற்றிலும் ஒட்டும் அந்த 1 மில்லிமீட்டர் பட்டைதான் பெரும்பாலான விசையைத் தாங்குகிறது. அதைச் சுரண்டக் கூடாது. ஓரத்தை இழைத்து அகலத்தைக் குறைத்துக் கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான். எவ்வளவு பவுண்டு வில், அதாவது இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஒட்டுவதற்கு முன்பே அடுக்கின் கனத்திலும் பட்டையின் தரத்திலும் முடிவாகிவிடும். பட்டை பொய்யாக இருந்தால் அதன் மேல் போட்ட உழைப்பு மொத்தமும் வீண்.

எனக்கு மூன்று வாரம் வீணானது. பிளைவுட்டில் அச்சு அறுத்து, நடுவில் வைக்கும் மரத் தகடுகளை நுனிக்குப் போகப் போக மெலிதாக இழைத்து, அரால்டைட் பசையின் இரண்டு பாகத்தையும் தராசில் வைத்து 100-க்கு 80 என்று எடைபோட்டுக் கலந்து, சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். வெளியே எடுத்தபோது அவ்வளவு அழகாக இருந்தது.

கப்பியில் கயிறு போட்டு, பத்தடி தள்ளி நின்று இழுத்துப் பார்த்தேன். நாணில் எடை பார்க்கும் தொங்குதராசு மாட்டியிருந்தேன். 28 அங்குலம் இழுக்கும்போது 40 பவுண்டு, அதாவது 18 கிலோ வர வேண்டும் என்பது என் கணக்கு. 20 அங்குலத்தில் 11 கிலோவாவது காட்டியிருக்க வேண்டும். 6 கிலோதான் காட்டியது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். 24 அங்குலம் வந்ததும் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். மேல் கை இரண்டாக முறிந்து, ஒரு துண்டு தகரக் கதவில் போய் அடித்தது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வந்த அக்கா பையனை வெளியே போகச் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

கடைக்கு போன் செய்தேன். "நீங்க சரியா ஒட்டல சார்" என்றார். முறிந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டிய இடம் விடவே இல்லை. மரத்தோடு ஃபைபர் ஒட்டியபடியே இருந்தது. முதுகுப் பக்கத்தில் ஃபைபர்தான் குறுக்கே கிழிந்திருந்தது. நூல் நீளவாக்கில் ஓடும் பட்டை முறிந்தால் தென்னை ஈர்க்கு மாதிரி நீள நீளமாகப் பிரிந்து நிற்கும். இது பிஸ்கட் உடைந்த மாதிரி இருந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் ஃபைபர் படகு வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு அண்ணனிடம் துண்டை எடுத்துப் போனேன். பிளேடால் சுரண்டினார். கறுப்பு பொடியாக உதிர்ந்தது, அடியில் வெளுப்பு. மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம படகு ரெசின் வாசனைடா தம்பி" என்றார். பிறகு இடுக்கியில் பிடித்து ஸ்டவ்வில் காட்டினார். கரும்புகையோடு ரெசின் எரிந்து போனது. மிஞ்சியது விரல் நீளம்கூட இல்லாத வெள்ளை நூல் துண்டுகள். வைக்கோல் சிதறிய மாதிரி எல்லாத் திசையிலும் கிடந்தன. "மேட்டுடா இது. போட்டுக்குப் போடுற மேட்ட கத்தரிச்சு பெயின்ட் அடிச்சு வித்திருக்கான்."

மேட் என்பது குட்டை நூல் துண்டுகளைக் கண்டபடி பரப்பிய விரிப்பு. படகுக்கு அது சரியான பொருள். எல்லாப் பக்கமும் அலை அடிப்பதால் நூலும் எல்லாப் பக்கமும் ஓடலாம். வில்லுக்கு இழுவிசையும் அமுக்கமும் நீளவாக்கில்தான். ஒரே திசையில் நூல் ஓடும் பட்டையின் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மேட்டுக்கு இருக்கும். தராசு ஏன் 6 கிலோ காட்டியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதல்முறை வாங்குகிறவர்கள் கறுப்பு கேட்காதீர்கள், நிறமில்லாத கிளியர் பட்டையே கேளுங்கள். நூல்கள் கோடு கோடாக முனைக்கு முனை ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நல்ல பட்டையிலும் கறுப்பு உண்டு, ஆனால் அதில் நிறம் ரெசினுக்குள்ளேயே கலந்திருக்கும், சுரண்டினால் உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும். ஓர் அங்குலத் துண்டு கேட்டு வாங்கி, திறந்த வெளியில் எரித்துப் பாருங்கள். மிஞ்சும் நூல் ஒரே திசையில் வரிசையாகக் கிடக்க வேண்டும். புகையைச் சுவாசிக்காதீர்கள். துண்டு தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். பில்லில் "ஒரே திசை நூல், வில்லுக்கானது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்டிமேட் சீட்டை ஏற்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடை பாண்டியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, முறிந்த வில், எரித்த துண்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒட்டாத இரண்டு பட்டையும் பரணில் இருக்கிறது. இதே மாதிரி பட்டை வாங்கி இன்னும் ஒட்டாமல் வைத்திருப்பவர்கள் ஓரத்தை ஒரு தடவை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து கையில் பிடித்து இழுக்காதீர்கள்.