மாவாக உதிரும் டர்க்காய்ஸுக்கு ரெசின் ஏற்றுதல்: மூன்று வருட அனுபவம்

நகத்தால் கீறினாலே மாவாக உதிரும் டர்க்காய்ஸ் என்ற நீல ரத்தினக் கல்லின் துண்டுகளுக்கு வீட்டிலேயே ரெசின் (திரவமாக இருந்து இறுகிவிடும் செயற்கைப் பிசின்) ஏற்றி, குமிழ் வடிவில் தேய்த்து மெருகேற்றி வருகிறேன். நல்ல டர்க்காய்ஸ் கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 5 முதல் 6 வரை கடினமாக இருக்கும். எனக்குக் கிடைப்பதோ, வைத்த நொடியே தண்ணீர்ச் சொட்டை உறிஞ்சிவிடும் ரகம். அப்படியே சக்கரத்தில் வைத்தால் ஓரம் பொடிந்துபோகும், மெருகு ஏறாது.

முதல் வருடம் எபாக்சி என்ற ரெசினை அசிட்டோனில் கரைத்து, மூடிய ஜாடியில் கல்லை ஊறவைத்தேன். (இந்தக் கலவையை வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில், வைக்கவே கூடாது. அசிட்டோன் கொதித்து ஆவியாகும், அந்த ஆவி தீப்பிடிக்கும்.) ரெசின் மேலாக இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது, குவித்துத் தேய்த்ததும் உள்ளிருந்த மாவு வெளியே தெரிந்தது. பிறகு நடந்ததுதான் பெரிய வருத்தம். வெயில் பட்டுப் பட்டு எபாக்சி மஞ்சளித்து, வான்நீலம் பாசிப்பச்சையாகிவிட்டது. அக்காவுக்குப் போட்டுக் கொடுத்த மோதிரக் கல்லும் தப்பவில்லை.

அப்புறம், மரத்துண்டுகளுக்கு ஏற்றுவதற்கென்று விற்கும், சூட்டில் இறுகும் மெதாக்ரிலேட் ரெசினுக்கு மாறினேன். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வேக்குவம் பம்பே இதற்குப் போதும். ஆனால் பாதி வேலை கல்லைக் காயவைப்பதில்தான் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்து, 70 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைப்பேன். பெரும்பாலும் இரண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு ஒரே நாளில் எடுத்த கற்களெல்லாம் ரெசின் ஏறாமல் நடுவில் வெள்ளையாகவே இருந்தன. நன்றாக ஆறிய பிறகே ரெசினில் மூழ்கவிட வேண்டும்.

குமிழி வருவது ஓயும்வரை பம்ப் ஓடட்டும். காற்று வெளியேறிய இடத்துக்குள் ரெசின் புகுவது வேக்குவத்தைத் திறந்துவிட்ட பிறகுதான். அதனால் கல்லை உடனே வெளியே எடுக்காமல் ஒரு ராத்திரி அதிலேயே ஊறவிடுகிறேன். மறுநாள் அலுமினியத் தாளில் சுற்றி, சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனில் 95 டிகிரியில் இரண்டு மணி நேரம். 42 கிராம் பலகை ஒன்று 47 கிராமாகியிருந்தது.

தேய்க்கும்போது தண்ணீர் நிற்கவே கூடாது. சூடேறினால் ரெசின் இளகிச் சக்கரத்தில் ஒட்டும். முகமூடியும் கட்டாயம். கடைசி மெருகுக்குத் தோல், வைரப் பசை. யாருக்குக் கொடுத்தாலும் ரெசின் ஏற்றிய கல் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அக்காவின் மோதிரத்துக்குப் போன தீபாவளிக்குப் புதுக் கல் வைத்தேன். அதே பலகையின் மீதித் துண்டு அலமாரி இருட்டில் இருக்கிறது. அவர் வரும்போதெல்லாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இதுவரை ஒரே நீலம்தான்.